சம்மந்தியின் இடது முட்டி

மாடு முட்டியதால் உடைந்தது என்று ஒருநாள் சொன்னார். கல்யாண மண்டபத்தில் பாயசம் கொட்டிய இடத்தில் வழுக்கியது என்று இன்னொரு நாள். தெருக்குழாயில் இரண்டு பெண்கள் சண்டை போட, விலக்கப் போன இடத்தில் குடம் பறந்து வந்து முட்டியில் விழுந்தது என்று ஒரு போலீஸ்காரரிடம் சொன்னார். சொல்லும்போது அது பித்தளைக் குடம் என்பதையும் சேர்த்துக்கொண்டார். கேட்பவர் நம்புவதற்கு அந்தப் பித்தளை போதுமாக இருந்தது.

“கம்ப்ளைண்ட் குடுத்தீங்களா?” என்று கேட்டார் போலீஸ்காரர்.

“குடுக்கலாம்னுதான் இருந்தேன் சார். அதுக்குள்ள ரெண்டு பேரும் ராசியாயிட்டு எனக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கினு வந்துட்டாங்க.”

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். ஆவடி சேக்காட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் நாலு பேருக்கு உடனே அவர் மகன் ஞாபகம் வரும். ஊர்ப் பார்வையை அந்தப் பையன் வேண்டிய மட்டும் பட்டாயிற்று. நான் அவரைச் சம்மந்தி என்று கூப்பிட்டேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. எனக்கு உடைந்தது வலது முட்டி, அவருக்கு இடது. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த முதல் வாரத்திலேயே அவர்தான் ஆரம்பித்தார்.

“உங்க சோத்தாங்கால் முட்டிக்கும் என் பீச்சாங்கால் முட்டிக்கும் கண்ணாலம் பண்ணி வெச்சா ஒரு முழு ஆளு தேறுவான் அண்ணாத்தே. இனிமே நாம சம்மந்திங்க.”

குமணன்சாவடி ஜங்ஷனிலிருந்து உள்ளே போகும் தெருவில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்தப் பிசியோதெரபி சென்டர். கால் உடைந்தவனுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்தை மாடியில் கொண்டுபோய் வைத்த மகராசன் யாரோ தெரியாது. முதல் நாள் நான் அந்தப் படிக்கட்டைப் பார்த்துத் திகைத்து நின்றபோது மேலேயிருந்து சம்மந்தி எட்டிப் பார்த்துச் சொன்னார்: “ஏறி வந்துடுங்க. ஏறிட்டீங்கன்னா பாதி வைத்தியம் முடிஞ்சிது.”

நான் ஏறினேன். என் டிரைவர் தோள் கொடுக்க வந்தான், வேண்டாம் என்றேன். நான் நாலாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பன்னிரண்டு வயதில் கட்டட வேலைக்குப் போய், மண்ணும் ஜல்லியும் சுமந்து, அப்புறம் சென்ட்ரிங் பலகை அடித்து, அப்புறம் நானே பலகையும் ஜாக்கியும் வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்தவன். திருவேற்காட்டிலிருந்து ஆவடி வரைக்கும் இன்றைக்கு நிமிர்ந்து நிற்கிற அடுக்குமாடிகளில் பாதிக்கு, காங்கிரீட் இறுகும் வரை முட்டுக்கொடுத்து நின்றது என் ஜாக்கிதான். அந்த வீடுகளில் குடியிருக்கும் கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு இது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தில் பலகை சறுக்கித்தான் நான் விழுந்தேன், முட்டிச்சில்லு இரண்டாகப் பிளந்தது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது என் பலகை இல்லை.

வைத்தியம் பார்த்தது விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். எல்லோரும் மேடம் என்பார்கள். சம்மந்தி மட்டும் கண்ணு என்பார். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொல்லும். குதிகாலைக் கட்டிலில் தேய்த்தபடியே மடக்கச் சொல்லும். அதுவாக மடங்காது என்று தெரிந்தால் அதன் கையால் மடக்கும். அந்த நேரத்தில் பெரிய பெரிய ஆம்பளைகள் எல்லாம் அம்மாவைக் கூப்பிடுவார்கள். நான் கூப்பிட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொள்வேன். சம்மந்திக்கு வேறு வழி இருந்தது. அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வலி ஏறும்போது, பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற மாதிரி “ஓல்டான், ஓல்டான்” என்பார். அந்தப் பெண் நிறுத்தும். இரண்டு மூச்சு விட்டுவிட்டு “ரைட்” என்பார். அது மறுபடி மடக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரிக்கட்டும் என்றுதான் அவர் சொன்னார் என்பது என் எண்ணம்.

அந்தப் பெண் எல்லார் முட்டியையும் பிளாஸ்டிக் கோணமானி வைத்து அளக்கும். பள்ளிக்கூடத்தில் நான் கையில் வாங்காத சாமான் அது. யாருடைய முட்டி எவ்வளவு மடங்கியது என்று சத்தமாகச் சொல்லும். எனக்கு எதிலும் இரண்டாவதாக வந்து பழக்கமில்லை. சம்மந்தியை விட நான் எப்போதும் முன்னால்தான் இருந்தேன், அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

“நீங்க போங்க சம்மந்தி, உங்களுக்கு சில்லுதான் உடைஞ்சிது. எனக்கு எலும்புத் தலையே நொறுங்கி, தகடு வெச்சி முடுக்கி வெச்சிருக்காங்க. நான் லாஸ்ட் பஸ்ஸுல வரேன்” என்பார்.

அவரை அழைத்து வருவது மகன். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். சேக்காட்டிலிருந்து ஆட்டோவில் வருவார்கள். பையன் அப்பாவைப் படியேற்றிவிட்டு வாசல் ஓரத்து பெஞ்சில் உட்காருவான். கையில் போன் இருக்கும், அதைப் பார்க்க மாட்டான். யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவான். சத்தமாக யாராவது சிரித்தால் எழுந்து மாடிப்படி முனைக்குப் போய் நிற்பான். எனக்கு அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டால் ஆகாது. இந்த வயதில் நான் இரண்டு ஆள் வேலை பார்த்தவன்.

“பையன் இன்னா பண்றான்?” என்று ஒருநாள் கேட்டேன்.

சம்மந்தி பெஞ்சுப் பக்கம் திரும்பினார். “நைனா, கீழ போய் எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வா” என்று அவனை அனுப்பினார். அவன் படி இறங்கும் சத்தம் அடங்கும் வரை காத்திருந்தார். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஏசி மெக்கானிக்கு. நல்ல வேலக்காரன். பைக்ல பைய மாட்டிகினு வூடு வூடா போவான். இப்ப போறதில்ல.”

“ஏன்?”

“வண்டியத் தொட மாட்டேங்கிறான். திருவேற்காடு கோயிலுக்குப் போயிட்டு வரோம், நானு, அவங்க அம்மா, மூணு பேரும் ஒரே வண்டி. இவன் ஓட்டிகினு வரான். திரும்புற எடத்துல மணல். சறுக்கிடுச்சி. பின்னாடி ஒரு லாரி. எனக்குக் கால் போச்சி. அவ அங்கயே போயிட்டா. இவனுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்ல சம்மந்தி. அதுதான் அவனுக்கு பெரிய காயம்.”

 நான் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தேன்.

“அப்ப மாடு, குடம் எல்லாம்?”

“வரவன் போறவன் எல்லாம் எப்படி ஆச்சி, எப்படி ஆச்சின்னு கேக்குறான். அவன் பக்கத்துலயே குந்திகினு கீறான். தெனம் ஒரு வாட்டி அவன் காது படவா அத சொல்றது? அதான்.”

அன்றைக்குத்தான் அந்தக் கதைகளின் அர்த்தம் விளங்கியது. ஆஸ்பத்திரியில் எதிர்க் கட்டில்காரன் கேட்டபோதே ஆரம்பித்துவிட்டாராம். ஆட்டோக்காரன் கேட்டால் ஒரு கதை, மருந்துக் கடையில் ஒரு கதை. முன்னே சொன்னதை மறந்துபோய் மாற்றிச் சொல்லி மாட்டிக்கொண்டால், “அது வேற முட்டி” என்று வலது காலைக் காட்டித் தப்பிப்பார்.

இன்னொன்றும் சொன்னார். அதுதான் அவர் அங்கே வந்துகொண்டிருந்த காரணம்.

“டாக்டரு சொல்லிட்டாரு, வூட்டுக்குள்ள நடக்கறதுக்கு இந்த மடக்கு போதும்னு. நான் நடக்கறதுக்கு வரல சம்மந்தி. அவன் வண்டில பின்னாடி குந்தறதுக்கு வரேன். நான் ஏறிக் குந்துனா அவன் ஓட்டித்தான் ஆவணும். அவன் ஓட்டலன்னா...” நிறுத்தினார். “வூட்ல தனியா உட பயமா கீது. அதான் கூடவே இட்டுகினு சுத்தறேன்.”

டீ வந்துவிட்டது. பையன் எனக்கும் ஒன்று கொடுத்தான். அவன் கையை அப்போதுதான் பார்த்தேன். விரலெல்லாம் நகம் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒரு காரியம் கண்ணில் பட்டால் முடிக்காமல் விட மாட்டேன். என் காரையும் டிரைவரையும் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பையனுக்கு என் பலகை, ஜாக்கி அடுக்கியிருக்கும் யார்டில் சூப்பர்வைசர் வேலை தருகிறேன், உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம், வண்டி தேவையில்லை என்றேன். அதற்கும் சிரித்துத் தலையாட்டிவிட்டு விட்டுவிட்டார். ஒருநாள் பையன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து நானே பேசினேன். நான் எப்படி வந்தேன், மழையில் சாரம் சரிந்து கூட வேலை பார்த்தவன் என் கண் முன்னால் போனது எப்படி, மறுநாளே அதே சாரத்தில் நான் ஏறியது எப்படி, எல்லாம் சொன்னேன். நான் இதைச் சொன்னால் வேலையாட்கள் வாய் பிளந்து கேட்பார்கள். பையன் முழுசாகக் கேட்டான். கேட்டுவிட்டு எழுந்து படிக்கட்டு முனைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

சம்மந்தி கட்டிலில் இருந்தபடியே மெதுவாகச் சொன்னார்: “உங்க கத நல்லாத்தான் கீது சம்மந்தி. அது அவனுக்கு ஒதவாது.”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அவர் பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பேட்மிண்டன் ஆடி முட்டி நரம்பு கிழிந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண் வந்தது. அதற்கு, பட்டாபிராம் பக்கம் தண்டவாளத்தில் ஏறப் போன ஆட்டைப் பிடிக்கப் போய் உடைந்த கதை. ஆட்டுக்கு ஒரு கொம்பு கிடையாது, கழுத்தில் மஞ்சள் கயிறு. அந்தப் பெண் “அச்சச்சோ, ஆடு பொழைச்சுதா அங்கிள்?” என்றது. “பொழைச்சி, குட்டி போட்டு, இப்ப பேரன் பேத்தியோட கீது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் பையனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு எனக்கு மின்சார ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்த வைத்தியப் பெண் குரலைத் தணித்துக் கேட்டது: “சார், நீங்க அவருக்கு ஃப்ரெண்டு. நீங்க சொல்லக் கூடாதா? அவர் சொல்ற கதையில மாடு வருது, ஆடு வருது. அந்தத் தம்பியோட அம்மா ஒண்ணுலகூட வரல.”

எனக்கு அதுவரை அது உறைக்கவில்லை. உண்மைதான். அந்தக் கதைகளில் பித்தளைக் குடத்துக்கு இடம் இருந்தது. மஞ்சள் கயிற்றுக்கு இடம் இருந்தது. அந்த அம்மாவுக்கு இல்லை. மகனைக் காப்பாற்றுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் அவர் அந்த அம்மாவை அந்த ரோட்டிலிருந்து எடுத்துவிட்டார். பையன் அதைத்தான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? நானும் சொல்லவில்லை.

நடுவில் அவர் முட்டி ஓர் இடத்தில் நின்றுவிட்டது. எத்தனை அழுத்தினாலும் அதற்கு மேல் போகவில்லை. உள்ளே தசை ஒட்டிக்கொண்டது என்றார்கள். மயக்கம் கொடுத்து டாக்டர் கையால் மடக்கிப் பார்க்கலாம், ஆனால் இந்த வயதில் அவசியமில்லை, எலும்பு மறுபடி விரிசல் விடவும் வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். வைத்தியப் பெண்ணும் வேண்டாம் என்றது.

“பஸ்ல டோர் ஜாம் ஆனா இன்னா பண்ணுவோம் கண்ணு? ரெண்டு ஒத வுடுவோம். அதானே?” என்றார் சம்மந்தி. ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டார்.

மயக்கத்தில் மடக்கியது பெரிதில்லை. மறுநாளிலிருந்து அந்த முட்டி திரும்ப இறுகிவிடாமல் வைத்துக்கொள்வதுதான் கொடுமை. முட்டி பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஐஸ் வைத்து, கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, காலை அந்தப் பெண் மடக்கியது. அன்றைக்கு அவர் ஓல்டான் சொல்லவில்லை. ரைட்டும் சொல்லவில்லை. கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அவ்வளவுதான். பையன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தான். அப்பாவின் தலைமாட்டில் வந்து நின்றான். கையை நீட்டினான், பிறகு எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையணை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

“எதுக்குப்பா இவ்ளோ?” என்றான். அவன் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சம்மந்தி முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: “உன் பின்னாடி குந்தணும் நைனா.”

பையன் தலையணையை விட்டுவிட்டு வெளியே போனான். அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் வரை அவன் மேலே வரவில்லை. சம்மந்தியை நானும் என் டிரைவரும்தான் கீழே இறக்கினோம். நானே இன்னும் கைத்தடியோடு இருந்த காலம் அது. இருந்தும் இறக்கினேன்.

அங்கே ஓர் ஓரத்தில் நிறுத்தி வைத்த சைக்கிள் ஒன்று உண்டு. எங்கேயும் போகாத சைக்கிள். முட்டி சரியாக மடங்காதவன் அதில் ஏறினால் பெடல் முழுச் சுற்று சுற்றாது. முன்னால் கொஞ்சம் போகும், இடிக்கும், திரும்ப வரும். தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் சீக்கிரமே சுற்றிவிட்டேன். சம்மந்தி வாரக்கணக்கில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டிக்கொண்டே யாருக்காவது ஒரு கதை சொல்லுவார்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலையில் பெடல் இடிக்கும் இடத்தைத் தாண்டியது. இடுப்பைத் தூக்கி, உதட்டைக் கடித்து, ஒரு தள்ளு. சுற்றி வந்துவிட்டது. இன்னொரு சுற்று. சக்கரம் ஓடும் சத்தம் கேட்டது. வைத்தியப் பெண் கையைத் தட்டியது. நான்கூடத் தட்டினேன். பையன் தலையைத் தூக்கி அந்தப் பெடலைப் பார்த்தான். வீட்டில் யாரோ செத்த சேதியைப் போனில் கேட்கிறவன் முகம் மாதிரி இருந்தது அவன் முகம். அப்பாவின் முட்டி சரியாகிறவரைதான் வண்டியைத் தொடாமல் இருக்கத் தனக்குத் தவணை என்று அவன் இருந்திருக்கிறான்.

அன்று சம்மந்தி என்னிடம் ஓர் உதவி கேட்டார். அத்தனை மாதத்தில் அவர் கேட்ட ஒரே உதவி.

“வண்டி வூட்ல மூடி வெச்சி கெடக்குது. மெக்கானிக்க வுட்டு ரெடி பண்ணிட்டேன். யாராவது ஒரு ஆள வுட்டு இங்க கீழ கொணாந்து நிறுத்தித் தருவீங்களா?”

“என் மருமவன் வண்டி புதுசு, அத தரேன். அந்த வண்டி எதுக்கு?” என்றேன்.

“வேற வண்டின்னா அவன் ஓட்டிடுவான் சம்மந்தி. அதுல ஒண்ணும் இல்ல. அதே வண்டிய ஓட்டணும்.”

மறுநாள் அவர்கள் ஆட்டோவில் கிளம்பிய பிறகு நானே போய் நின்று என் ஆளை ஓட்டச் சொல்லிக் கொண்டுவந்தேன். டைல்ஸ் கடைக்கு முன்னால் நிழலில் நிறுத்தினேன். மேலே ஏறி, பையன் பார்க்காமல் சாவியைச் சம்மந்தி கையில் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படுக்கப் போனார். அவர்கள் வரும்போது வண்டி அங்கே இல்லை, பையன் இன்னும் பார்க்கவில்லை. நான்தான் ஜன்னல் பக்கமே எட்டி எட்டிப் பார்த்தேன். பெரிய பெரிய தளம் போடும்போதுகூட நான் அப்படிப் பதறியதில்லை.

அன்றைக்கு ஓர் அம்மா புதிதாக வந்திருந்தார். காலில் நீளமான பெல்ட் மாட்டியிருந்தது, கூட ஒரு மகள். பெஞ்சில் பையனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பதைத்தான் அந்த அம்மாவும் கேட்டார்.

“உங்களுக்கு எப்படிங்க ஆச்சு?”

சம்மந்தி எழுந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். “அது பெரிய கதம்மா. திருமழிசைப் பக்கம் ஒரு கோயில் யான வந்திச்சி. அதுக்கு வாழப்பழம் குடுக்கலாம்னு...”

“நான்தான் ஓட்டினேன்” என்றான் பையன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த அறையில் ஒத்தட மிஷின் ஓடும் ஓசை தனியாகக் கேட்டது.

“பைக்க நான்தான் ஓட்டினேன். எங்கம்மா நடுவுல குந்திகினு இருந்தாங்க. செத்துட்டாங்க.” அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னவன் அப்பாவிடம் திரும்பினான். “யான இல்லப்பா. மாடு இல்ல. அம்மாதான் இருந்தாங்க. நீ ஏம்ப்பா அவங்கள சொல்லவே மாட்டேங்கிற?”

கேட்ட அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். வைத்தியப் பெண் என் காலைப் பிடித்தபடியே நின்றது. சம்மந்தி கையில் இருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். 

“ஆமாம்மா” என்றார் கடைசியில், அந்தப் புது அம்மாவிடம். “நான் சொன்னது பொய். இவன்தான் ஓட்டினான். ஆனா இவன் அப்படி ஓட்டறேன்னு சொல்லல. கோயில்ல இருந்து ஷேர் ஆட்டோ எல்லாம் ஃபுல்லு. அம்மாவ மொதல்ல வுட்டுட்டு வரேன், நீ இங்கயே இருப்பா, ரெண்டு ட்ரிப்பா போலாம்னான். நான்தான், எதுக்குடா ரெண்டு ட்ரிப்பு, ஏத்துன்னேன். அவளுக்கு இஷ்டமே இல்ல. பயமா கீதுங்கன்னா. நடுவுல குந்தும்மே, நான் பின்னாடி புடிச்சிக்கிறேன்னு ஏத்தினேன். காலம் பூரா பஸ்ல ஆள அடைச்சே பழகிட்டேம்மா. இன்னும் ஒரு ஆளுக்கு எடம் கீது, இன்னும் ஒரு ஆளுக்கு எடம் கீதுன்னு. எனக்கு எப்பவும் எடம் இருக்கற மாதிரியேதான் தெரியும்.”

எனக்குச் சொன்ன உண்மையிலும் அவர் இந்தப் பாதியைச் சொல்லியிருக்கவில்லை. பையனுக்கு இது புது சேதி இல்லை, அங்கே இருந்தவன் அவன். ஆனால் அப்பா வாயிலிருந்து அவன் கேட்டது அன்றைக்குத்தான் என்று அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அவன் அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு வெகுநேரம் தரையைப் பார்த்தான். அப்புறம் அந்தப் புது அம்மாவின் மகள் தண்ணீர் பாட்டிலை நீட்ட, வாங்கிக் குடித்தான்.

சம்மந்தி அன்றைக்குப் பயிற்சி செய்யவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். பையன் ஒரு படி முன்னால், பின்புறமாகத் திரும்பியபடி இறங்கினான். நான் மேலே நிற்க முடியாமல் பின்னாலேயே இறங்கினேன்.

கீழே வண்டியைப் பார்த்ததும் பையன் நின்றுவிட்டான். வளைந்த கைப்பிடியை மாற்றியிருந்தார்கள். டேங்கில் தேய்ந்த கோடு அப்படியே இருந்தது. சம்மந்தி சாவியை எடுத்து நீட்டினார்.   ரோட்டில் பஸ்ஸும் வேனும் போய்க்கொண்டிருந்தன. டைல்ஸ் கடைக்காரர் வெளியே வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பையன் சாவியை வாங்கினான்.

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஏறி, இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிக்கொண்டான். சம்மந்தி என் தோளில் ஒரு கை, பையன் தோளில் ஒரு கை வைத்து, நல்ல காலைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்தார். இடது கால்தான் மிதிக்கு ஏறவில்லை. மடங்கியது, ஆனால் தூக்கி வைக்கும் தெம்பு இல்லை. நான் குனியப் பார்த்தேன், என் முட்டி விடவில்லை. பையன் வண்டியைச் சாய்க்காமல் ஒரு கையைப் பின்னால் கீழே இறக்கி, அப்பாவின் குதிகாலைத் துழாவிப் பிடித்து, மெதுவாகத் தூக்கி மிதியில் வைத்தான். சம்மந்தி பல்லைக் கடித்தார். கால் அங்கே நின்றது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, பையன் நகர்த்தவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தான். எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. சம்மந்தி சீட்டின் கடைசி விளிம்பில், கம்பியை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் மகனுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. வேண்டுமென்று விட்டதில்லை. அவர் உடம்புக்கு அங்கேதான் உட்காரத் தெரிந்தது.

“முன்னாடி நவுந்து உக்காருப்பா” என்றான் பையன்.

சம்மந்தி அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் சீட்டில் ஊன்றி, முட்டியைப் பார்த்துப் பார்த்து, முன்னால் நகர்ந்தார்.